செத்த மண்ணை யார் ஏற்றினார்கள்?

ஏறாவூர்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் இஷாமுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். கத்தார் வெயிலில் உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் அல்லாஹ் காப்பாற்றட்டும். இங்கே எனக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். தோட்டம் என்று நான் வாயெடுத்தாலே உனக்கு லைன் கட்டாகிவிடுகிறதே, அதனால்தான் பக்கத்து வீட்டு ஷிஹான் லீவு முடிந்து அங்கே திரும்பும்போது அவன் கையில் இதைக் கொடுக்கிறேன்.

உன் லாத்தா, என் மூத்தவள் முப்லிஹா சுகம், பிள்ளைகளுக்குப் பரீட்சை. எழுத வந்தது அவள் மாப்பிள்ளை றிஸானைப் பற்றி. மவுத்தாகிப் போன உன் வாப்பா வைத்த திராட்சைப் பந்தல் இந்த முறை சரியாகக் காய்க்கவில்லை, குலையெல்லாம் சிறுத்துப் புளித்துக் கிடந்தது. "மண் செத்துப் போச்சு மாமி, கொடிக்கு வயசு போனா மண்ணுக்கும் போகும், பிடுங்கிப்போட்டுக் காணிய விலைக்குக் குடுப்பம்" என்றான் றிஸான். பிறகு போனில் நீயும் அதையே, ஒரு சொல் மாறாமல் சொன்னாய். அப்போதே எனக்குச் சுருக்கென்றது. அது தானாக வந்த மண்ணா? வாவிக்கரை மணலில் வருடா வருடம் ஆட்டெருவும் இலைகுழையும் புதைத்து வாப்பா உண்டாக்கின மண். அதுவும் போகட்டும், றிஸான் தனக்கென்று போட்ட புதுப் பந்தலில் கொடி கறுகறுவென்று ஏறுகிறது. சுற்றிவர மணல் வெள்ளை, கொடியடி மட்டும் கறுப்பு. நம் பந்தலின் கடைசி மூலைக்கு, முழங்கால் நோவு வந்ததிலிருந்து நான் போகாத அந்தப் பக்கம், மெல்ல நடந்து போனேன். பெரிய குழி, தென்னோலை போட்டு மூடியிருந்தது, பக்கத்தில் லாண்ட்மாஸ்டர் டிராக்டரின் டயர் தடம். செத்த மண்ணை யாராவது லாண்ட்மாஸ்டரில் ஏற்றிப் போவார்களா மகன்?

ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று றிஸானிடம் சொல்லிவிட்டு, மண்ணில் கொஞ்சம் அள்ளிக்கொண்டு விவசாயக் கந்தோரில் வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளை சஹ்லாவிடம் போனேன். சோதித்துப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "மண் சாகல்ல உம்மா. பழைய தோட்டமெண்டா எருச்சத்து சேர்ந்துதான் கிடக்கும், இதிலயும் நல்லாக் கிடக்கு. பொட்டாசியம்தான் இத்தன வருசமும் பழத்தோட போயிட்டு. இலைப் பூஞ்சணத்துக்கு அடிச்ச நீல மருந்தும் மேல்மண்ணில நிக்குது, அதக் குறைங்க." பேக்கரியில் பாண் சுடும் போறணையின் விறகுச் சாம்பலும் கொஞ்சம் பொட்டாஷ் உரமும் போட்டால் கொடி தேறும் என்றாள்.

றிஸானைப் பிடித்து இரண்டு கேள்வி கேட்கத்தான் இருந்தேன். அதற்குள் போன கிழமை போனில் நீ, "மூலையில இருக்கிற குழிய மூடிட்டாங்களா உம்மா? பார்த்து, விழுந்திடாதீங்க" என்றாய். நான் விழக்கூடாது என்று நினைத்தாயே, அதில் எனக்குச் சந்தோசம். ஆனால் அந்தக் குழியைப் பற்றி நான் லாத்தாவிடம்கூடச் சொல்லவில்லையே, மகன்.

சாம்பல் மூட்டைகள் வந்து இறங்கிவிட்டன. காணி கேட்பதென்றால் நீயே வந்து, அந்தக் குழியடியில் நின்று, என் முகத்தைப் பார்த்துக் கேள். அல்லாஹ் உனக்கு பரக்கத்தைத் தரட்டும், தொழுகையை விடாதே, நேரத்துக்குச் சாப்பிடு. உறையை நான் இரண்டு முறை பசை போட்டு ஒட்டியிருக்கிறேன், பிரிந்திருந்தால் எனக்குச் சொல்.

இப்படிக்கு,
இன்னும் உன்னை நம்பப் பார்க்கும் உன் உம்மா,
ஹவ்வா உம்மா.