கிழக்குச் சுவரோரம் இரண்டு இடம்

ஜூலை 26, 1999, திங்கள்

விடாத மழை. டாலிகஞ்ச் முழுக்கத் தண்ணீர். பிலோவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. நாற்காலியில் உட்காரவைத்து நானும் மாடி வீட்டு தத்தா பாபுவும் தூக்கினோம். என் மனைவிக்கு இவ்வளவுதான் எடையா என்றிருந்தது. டாக்டர் சொன்னதன் சாரம்: ஈரலில் இனிச் செய்ய ஒன்றுமில்லை. ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள்.

வாங்க: ரப்பர் ஷீட், குளுக்கோஸ், டெட்டால். மகள் கிரேஸ் ஆபீசில் லீவு சொல்ல. சபைக் கமிட்டிக் கூட்டக் குறிப்பு இன்னும் எழுதவில்லை. செயலர் வேலை யாருக்காகவும் நிற்காது.

மா. 5. பிலோ கேட்டாள்: "ஏங்க, எனக்கு ஒரு சாமியாரக் கூட்டிட்டு வாரியளா?"

போதகர் வெள்ளிக்கிழமை வருகிறாரே என்றேன்.

"உங்க ஐயர இல்ல. எங்க சாமியாரு. பாவசங்கீர்த்தனம் பண்ணணும். சாகுமுன்ன எண்ணெ பூசணும்."

'எங்க' என்றாள். இருபத்தேழு வருஷத்துக்குப் பிறகு.

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனேன். பால் திரிந்துவிட்டது.

ஜூலை 27, செவ்வாய்

மழை. கரண்ட் மூன்று மணி நேரம் இல்லை.

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். பிலோ தூத்துக்குடிக் கத்தோலிக்க வீட்டுப் பெண். எங்கள் சபையில் சேர்ந்தால்தான் கல்யாணம் என்றது என் வீடு. சேர்ந்தாள். அவள் வீட்டார் ஒருவரும் கல்யாணத்துக்கு வரவில்லை. அவளுடைய ஜெபமாலையை நானே வாங்கி அவள் தம்பியிடம் கொடுத்தனுப்பினேன். அன்று அதைப் பெரிய சாதனையாக நினைத்தேன். மடையன்.

இப்போது சாமியார் வந்து எண்ணெய் பூசினால் என்ன ஆகும்? கல்லறைத் தோட்டத்தில் கிழக்குச் சுவரோரம் எங்கள் பெயரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடம். பிலோவே வந்து பார்த்தாள். "மாமரம் நிக்கி. சருகு விழுந்துகிட்டே கெடக்குமே" என்றாள். அது போய்விடும்.

சபைச் சட்டம், 9ஆம் ஷரத்து: வேறு சபையின் சடங்கைப் பெற்றவர் நமது அங்கத்தினர் அல்லர், அவருக்கு நமது தோட்டத்தில் அடக்க உரிமை இல்லை. எழுதியவன் நான். ஐந்து வருஷத்துக்கு முன், சபையில் பலர் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்க ஓடியபோது. முதலில் அகப்பட்டது எபனேசரின் மனைவி. பெந்தெகொஸ்தேக்காரர்களிடம் முழுக்கு எடுத்த மூன்றாம் மாதம் செத்துப்போனாள். எபனேசர் என் வாசலில் வந்து நின்று இடம் கேட்டார். உள்ளே வாருங்கள் என்றுகூட நான் சொல்லவில்லை. ஷரத்தை வாசித்துக் காட்டினேன். மனிதர் எங்கோ ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைத்தார். இன்றும் லேக் மார்க்கெட்டில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்.

ஜூலை 29, வியாழன்

தூறல். துணி எதுவும் காயவில்லை. வீடெல்லாம் நாற்றம்.

கிரேஸ் என்னிடம் சொல்லாமல் ஜாதவ்பூர் பக்கம் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போய்வந்திருக்கிறாள். சாமியார் மலையாளியாம், தமிழ் கொஞ்சம் வருமாம். "அப்பா, அவர் எப்பவும் வர ரெடி. நீங்க எதுவும் சைன் பண்ண வேண்டாம். ஆனா வீட்டில ஜகடா, சண்டை எதுவும் வேண்டாம், உன் அப்பா ஒரு போன் பண்ணட்டும்னார்." நம்பர் எழுதிய சீட்டைக் கொடுத்தாள். ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். அதன்மேல் ஊறுகாய் பாட்டிலை வைத்தேன், பறந்துவிடக் கூடாதே என்று.

போன் செய்யவில்லை.

ஜூலை 30, வெள்ளி

எழுதித் தொலைக்கிறேன்.

கா. 11. போதகர் ஒரு கல்யாண ஆராதனையை முடித்துவிட்டு அப்படியே வெள்ளை அங்கியோடு வந்தார். பிலோ இரண்டு நாளாக அரை மயக்கம். கண் மஞ்சள். வாசலில் வெள்ளையைப் பார்த்ததும் தலையைத் தூக்கினாள். "சாமி, வந்துட்டியளா" என்றாள். சிலுவை போட்டுக்கொண்டு "நான் பாவி, சாமி" என்று ஆரம்பித்துவிட்டாள்.

போதகர் என்னைப் பார்த்தார். சின்ன வயசு, முப்பதுதான். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நான் தலையை ஆட்டினேன். கேளுங்கள் என்று ஆட்டினேன்.

ஒரு கணத்தில் கணக்குப் போட்டுவிட்டேன். அவளுக்கு மன நிம்மதி, ஷரத்துக்கும் பங்கமில்லை, மாமரமும் போகாது. கிரேஸ் மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். நான் கதவைச் சாத்திவிட்டு அடுக்களையில் போய் நின்றேன். முருங்கைக்காய் நறுக்கினேன்.

இருபது நிமிஷம் கழித்துப் போதகர் வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது. "சார், இதுக்கு நான் ஆளில்ல சார். அவங்க கையப் பிடிச்சு ஜெபம் பண்ணினேன். வேற ஒண்ணும் தெரியல." ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் ஐயா என்றேன். டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ஆகஸ்ட் 1, ஞாயிறு

மழை இல்லை. புழுக்கம். கோயிலில் திருவிருந்து. என் முறை வந்தது. எழுந்து போகவில்லை. வயிறு சரியில்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் பொய். வர வரப் பொய் நன்றாக வருகிறது.

பிலோ தெளிவாக இருக்கிறாள். ரசம் சோறு நாலு வாய். கிரேஸிடம் வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். மறைத்துவைக்க முடியவில்லை. "அப்பா, நீங்க அம்மாவ ஏமாத்திட்டீங்க. செத்துப்போறவங்கள யாராவது ஏமாத்துவாங்களா?" அப்புறம் குளியலறைக்குள் போய் அழுதாள். அவள் எப்போதும் வங்காளத்தில்தான் அழுவாள். "ஆமி பார்ச்சி நா, மா, ஆமி பார்ச்சி நா." என்னால் முடியவில்லை அம்மா என்று. நான் வெளியே தாழ்ப்பாளைப் பார்த்தபடி நின்றேன்.

ஆகஸ்ட் 3, செவ்வாய்

காலையில் பிலோவுக்குத் தலை வாரிவிட்டேன். முடி கையோடு வருகிறது.

திடீரென்று சொன்னாள்: "அன்னைக்கு வந்தது உங்க ஐயருதான். எனக்குத் தெரியும்."

சீப்பு அப்படியே நின்றது.

"வரும்போது தெரியல. கையப் பிடிச்சாரு பாத்தியளா, அப்பத் தெரிஞ்சிட்டு. சாமியாருன்னா பாவமன்னிப்பு சொல்லுவாரு. இவரு அழுதாரு. பாவம், சின்னப் பிள்ள."

பிறகு ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன்.

"உங்க சபையில ஒருத்தருக்காவது தெரியட்டும்னு சொன்னேன். இருவத்தேழு வருசமா குளிக்கப் போற நேரத்துல விரல எண்ணி ஜெபமால சொல்லுதேன். தண்ணியத் தொறந்து விட்டுட்டு. நீங்க அஞ்சு நிமிசத்துல குளிப்பிய. நான் அர மணி நேரம். ஒருநாளாவது ஏன்னு கேட்டியளா?"

தண்ணீரை வீணாக்குகிறாயே என்று சத்தம் போட்டிருக்கிறேன். அது ஞாபகம் இருக்கிறது.

"கல்லறைய நெனச்சுத்தான கூப்பிடல? எனக்கும் உங்க பக்கத்துல கெடக்கணும்னுதான் இருக்கு. ரெண்டும் கெடைக்காதுன்னா எனக்கு எண்ணெதான் வேணும். நீங்க கோவப்பட்டாலும் சரி." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "இன்னொண்ணு. உசுரோட ஒளிஞ்சு கும்பிட்டது போதும். செத்த பொறவும் என்ன ஒளிக்காதிய."

சரி என்றேன். அழுதேன். அவள்தான் என் தலையைத் தடவிக்கொடுத்தாள், நோயாளி நான் என்பதுபோல.

ஊறுகாய் பாட்டிலைத் தூக்கினேன். சீட்டில் எண்ணெய் ஊறியிருந்தது. நம்பர் படிக்க முடிந்தது. போன் லைன் மாலைவரை செத்துக் கிடந்தது. ஆறரைக்குக் கிடைத்தது. சாமியார் ராஞ்சி போயிருக்கிறார், நாளை மாலை வருவார்.

ஆகஸ்ட் 4, புதன்

நாள் முழுக்கக் கொட்டுகிறது. பிலோ மறுபடி மயக்கம். எட்டு நாளைப் பாழாக்கினேன். இன்று ஒவ்வொரு மணியும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

மா. 7. சாமியார் போனில் வந்தார். "சாரே, நாளை பூசை முடிச்சு உடனே வரும்."

ஆகஸ்ட் 5, வியாழன்

முழங்கால் தண்ணீர். ஆட்டோ, ரிக்‌ஷா எதுவும் இல்லை. சாமியார் மெட்ரோவில் இறங்கி நடந்தே வந்தார். பேன்ட்டைச் சுருட்டிவிட்டிருந்தார், சட்டைப் பையில் எண்ணெய்ச் சிமிழ். அங்கி பிளாஸ்டிக் பைக்குள். உள்ளே வந்து துடைத்துக்கொண்டு மாட்டினார். கா. 9.40.

நான் வெளியே போக எழுந்தேன். பிலோ கண்ணைத் திறந்தாள். நானும் கிரேஸும் வெளியே நின்றோம். பாவசங்கீர்த்தனம் முடிந்ததும் எங்களை உள்ளே கூப்பிட்டார். நெற்றியில் எண்ணெய். உள்ளங்கைகளில் எண்ணெய். நன்மை அப்பம் ஒரு துணுக்குதான் விழுங்க முடிந்தது. ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தது நான்.

"இன்னைக்கு என்ன தேதி?" என்றாள். ஐந்து என்றேன்.

"எங்க ஊர்ல மாதா திருநாளு" என்றாள். சிரித்தாள். இந்த வீட்டில் அந்தத் திருநாளை ஒருமுறைகூட அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 6, வெள்ளி

கா. 11.20. பிலோ போய்விட்டாள். கிரேஸ் ஒரு கையைப் பிடித்திருந்தாள், நான் இன்னொரு கையை. மழை விட்டிருந்தது.

டாக்டர் சர்டிஃபிகேட். ஐஸ். பிலோவின் தம்பிக்குத் தந்தி. அவள் பட்டுப்புடவை எந்தப் பெட்டி என்று தெரியாமல் எல்லாவற்றையும் கவிழ்த்தேன்.

போதகர் வந்தார். நேற்று நடந்ததைச் சொன்னேன். என்னைத் தனியே கூப்பிட்டு, "சார், சாமியார் வந்தது நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். நான் வாயத் திறக்க மாட்டேன். கிழக்குச் சுவரோரமே வச்சிடலாம் சார்" என்றார். நல்ல மனுஷன். எனக்காகப் பொய் சொல்லத் துணிந்துவிட்டார். ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. ஆசை என்றால் கொஞ்சநஞ்சமல்ல.

பிற்பகலில் எபனேசர். வாசலில் செருப்பைக் கழற்றினார். நான் கூப்பிடக் காத்திருக்கவில்லை, உள்ளே வந்து பிலோவின் காலடியில் தரையில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

மா. 4. அடக்கத்துக்கான படிவம் எடுத்தேன். நான் அச்சடிக்கக் கொடுத்த படிவம்தான், ஒரு கட்டு என் மேஜையிலேயே இருக்கிறது.

பெயர்: மரிய பிலோமினா. சபைப் பதிவேட்டில் 'மரிய' என்பதை விட்டிருந்தோம். இதில் சேர்த்து எழுதினேன்.

விண்ணப்பிப்பவர்: கணவர்.

வேறு சபையின் சடங்கைப் பெற்றவரா? பெற்றவர், 5.8.99, முழு நினைவோடு.

கீழே செயலரின் முடிவு. இடம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கிரேஸ் சாமியாரோடு போனில். அவர்கள் தோட்டத்தில் அடக்கம், நாளை கா. 10. கணவர் வேறு சபை என்றால் பின்னாளில் அவருக்கும் பக்கத்தில் இடம் தருவார்களா என்று அவள் கேட்கவில்லை, நானும் கேட்கச் சொல்லவில்லை. அங்கே மரம் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேள் என்றேன்.