கரும்பலகையில் அப்பா

அன்புள்ள சிநேகா அக்காவுக்கு,

ஜாய்ஸ் எழுதிக்கொள்வது. அம்மா நலம். எனக்குக் காய்ச்சல் ஒன்றும் இல்லை. அப்பாவைப் பற்றி இந்த வரியில் எழுத முடியவில்லை, கீழே எழுதுகிறேன்.

போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், அதனால் கையெழுத்து கோணலாக இருக்கும். அம்மா மாமல்லபுரத்து ரிசார்ட்டுக்கு இரவு வேலைக்குப் போயிருக்கிறாள். அப்பா வெளியே, தான் ஓட்டும் ஸ்கூல் வேனுக்குள் விளக்கு போடாமல் உட்கார்ந்திருக்கிறார். போன் அவர் பையில். விடியற்காலையில் உன் கம்பெனி பஸ் ஏறும் வசந்தா அக்காவிடம் இதைக் கொடுத்துவிடுவேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

போன வாரம் மழை பெய்த சாயங்காலம், கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டுக் கடப்பாக்கம் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் முன் சீட்டில் இருந்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓர் ஆள் ரோட்டைக் கடந்தார். டமார் என்று ஒரு சத்தம். அப்பா பிரேக் போட்டார். கண்ணாடியில் பின்னால் பார்த்தார். பிறகு வண்டியை எடுத்துவிட்டார். ஆளுப்பா, ஆளு என்று நான் கத்தினேன். "நாயி குறுக்க வந்துச்சி. நீ தூங்கிகினு இருந்த, இன்னா?" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன்.

மறுநாள் பேப்பரில், அடையாளம் தெரியாத வாகனம் மோதி ஜானகிராமன் படுகாயம் என்று போட்டிருந்தது. உனக்கு அவரைத் தெரியும். ஆலம்பரைக் கோட்டை வாசலில் வேர்க்கடலை விற்பாரே, நமக்கு ஒரு பிடி அதிகம் போட்டுவிட்டு "ரெண்டு பேரும் சண்ட போடாம துன்னுங்க" என்பாரே, அவர்தான். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லையாம். அவர் மனைவி பார்வதம் வராந்தாவிலேயே கிடக்கிறாராம். அம்மா இதைச் சொல்லிவிட்டு, "அப்டியே வுட்டுட்டுப் போனானே பாவி, அவன் வெளங்குவானா?" என்று சபித்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அப்பா அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குழம்பு ஊற்றட்டுமா என்று அவரிடமே கேட்டாள்.

இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஸ்வாதி மிஸ் இங்கிலீஷில் வாக்கியத்தின் பகுதிகள் நடத்தினார். யார், என்ன செய்தார், யாரை, எங்கே. கைடில் இருக்கும் ராமு மாம்பழம் தின்ற கதை யாருக்கும் வேண்டாம், அவரவர் பார்த்ததை ஒரு வாக்கியமாகச் சொல்லுங்கள் என்றார். வேறு ஏதாவது யோசிக்க எவ்வளவோ முயன்றேன் அக்கா. ஒரு வாரமாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒன்றுதான். தமிழில் என்றால் அப்பா ஒருத்தரை ரோட்டில் என்று மட்டும் சொல்லிவிட்டு, விட்டுப் போனார் என்பதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். இங்கிலீஷில் யார் என்று சொன்ன கையோடு என்ன செய்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். மை ஃபாதர் லெஃப்ட் அ மேன் ஆன் த ரோட் என்று சொல்லிவிட்டேன்.

யாரும் பதறவில்லை. விஷால், "இன்னா மிஸ், வேன் ஃபீஸ் கட்டலன்னு எறக்கி வுட்டாரா?" என்றான். கிளாஸே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார். எங்கே என்பதையும் சேர்த்துச் சொன்னவள் நான் ஒருத்திதானாம். போர்டில் பெரிதாக எழுதி, அப்பாவுக்குக் கீழே சிவப்புச் சாக்பீஸால் கோடு போட்டார், விட்டதற்குக் கீழே மஞ்சள், அந்த மனிதருக்குக் கீழே நீலம். பக்கத்தில் என் பெயரும் ஒரு டிக்கும். இன்று முழுக்க அழிக்கக் கூடாது, எல்லாரும் பார்த்து எழுதுங்கள் என்று வேறு சொல்லிவிட்டார்.

யுகேஜி பிள்ளைகளைக் கூட்டிப் போக அப்பா தினமும் எங்கள் கிளாஸைத் தாண்டித்தான் வருவார். அது எனக்குக் கடைசி மணி அடித்த பிறகுதான் உறைத்தது. மைதானத்தில் சாயங்காலப் பிரேயர் முடிந்ததும் அழிக்க ஓடினேன். போர்டு ஏற்கெனவே காலியாக இருந்தது. டஸ்டர் மிஸ் மேசையில் வைத்த இடத்திலேயே இருந்தது. போர்டில் கையால் தேய்த்த தடம்.

வேனில் ஏறியதும் அப்பாவின் காக்கிச் சட்டைக் கையைப் பார்த்தேன். சிவப்பும் மஞ்சளும் நீலமும் ஒட்டியிருந்தன. அவர் பாட்டுப் போடவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடவும் இல்லை. என்னை அடிப்பாரோ என்று முதலில் பயந்தேன். அப்புறம் இருட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறாரே, எங்காவது போய் ஏதாவது செய்துகொள்வாரோ என்று பயம் வந்துவிட்டது. அதனால்தான் போர்வையை விலக்கினால் வேன் கண்ணில் படுகிற மாதிரி ஜன்னலோரம் படுத்து எழுதுகிறேன்.

அக்கா, இதற்கு மேல் எழுதுவது கொஞ்ச நேரம் கழித்து.

அப்பா ஜன்னலுக்கு வந்தார். "டார்ச்ச அமத்து ஜாய்சு, நீ முழிச்சிகினு கீறன்னு தெரியும்" என்றார். அணைத்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "போர்டுல டிக்கு போட்டுருந்தாங்க, பாத்தேன்" என்றார். மன்னித்துவிடுங்கள் அப்பா என்று அழுதேன். "நீ இன்னாத்துக்கும்மா அழுவுற?" என்றார். காலையில் ஸ்கூல் வேண்டாமாம். பிள்ளைகளுக்கு வேறு வேன் சொல்லிவிட்டாராம். "செங்கல்பட்டு போறோம். அந்தம்மா மொகத்துல முழிக்கணும். தனியாப் போவ காலு வரல, நீ கூட வா. அதுக்கப்பால போலீஸ் ஸ்டேஷனு" என்றார்.

இதைத்தானே நான் ஆசைப்பட்டேன். ஆனால் இப்போதுதான் ரொம்பப் பயமாக இருக்கிறது. அம்மா ஷிப்ட் முடிந்து வந்ததும் அவளிடம் அவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் புறப்படுவாராம். அவள் சபித்ததை எப்படித் திரும்ப வாங்கிக்கொள்வாள்?

ஷிப்டில் கெஞ்சி லீவு கேட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிடு. அப்பாவைத் திட்டாதே. ஜெபம் பண்ணும்போது ஜானகிராமன் பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்தே சொல்லு. கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். நம் வேனில்தான் போகிறோம். திரும்பி வரும்போது முன் சீட்டில் நான் மட்டும் இருப்பேனோ என்னவோ. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது அக்கா. சீக்கிரம் வா.

உன் தங்கை,
ஜாய்ஸ்