எண்ணெய் படாத இரும்பு

தம்பி,

இன்று சனிக்கிழமை. காலையில் சாமி விளக்குக்கு நல்லெண்ணெய் ஊற்றிவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். அங்கே கோணிச் சாக்கின் மேல் அந்த நான்கு இரும்புகளும் வரிசையாகக் கிடந்தன. பிறை மாதிரி வளைந்து, முதுகில், சக்கர உருளையை உரசிப் பிடிக்கும் பட்டை வைத்து அறைந்த உன் பிரேக் இரும்புகள். நீ அரம் போட்டுத் தேய்த்த தடம் ஓரத்தில் இன்னும் இருக்கிறது. அவற்றின் முன்னால் உன் மகள் மங்களம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம். எண்ணெயில் தோய்த்த விரல்கள் முதல் இரும்பை நோக்கி நீண்டிருந்தன.

நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக் கோழிகள் வேலி ஏறிவிட்டன.

"என்ன அத்தை, பாம்பா?"

"கையை எடு! எடுடி கையை!"

"சனிக்கிழமையாச்சேன்னு கொஞ்சம் எண்ணெய் தடவப் போனேன். நீங்கதானே சொல்லுவீங்க, இரும்பும் நல்லெண்ணெயும் சனீஸ்வரனுக்கு உரியதுன்னு?"

நான்தான் சொன்னேன். கிண்ணத்தைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். மூக்கில் அந்த நல்லெண்ணெய் வாசனை. பதினோரு வருடமாக விளக்கில் எரிந்தால் பக்தியாகவும், இரும்புக்குப் பக்கத்தில் வந்தால் பயமாகவும் இருக்கிற வாசனை.

உனக்கு விவரம் தெரிய வேண்டும். மாப்பிள்ளை ஒரு பழைய கார் வாங்கியிருக்கிறார். ஓட்டம் நன்றாக இருக்கிறதாம், நிற்கத்தான் மறுக்கிறதாம். கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த உன் வண்டியின் முன் அச்சைக் கழற்றி, அதன் பிரேக்கையெல்லாம் புதுப் பட்டை போட்டுத் தன் வண்டிக்கு மாற்றுகிறார். நீ வேறொரு வண்டியிலிருந்து எடுத்தாய், அவர் உன்னிடமிருந்து எடுக்கிறார். நாளைக்கு முதல் ஓட்டம். எங்கே என்று கேட்காதே. கேரி தீவுக்குத்தான். அதே படகுத் துறை, அதே இறக்கம். தன் அம்மா பிறந்த அந்தத் தோட்டத்து மாரியம்மனிடம்தான் முதல் ஓட்டம் போக வேண்டும் என்று மங்களம் உன்னைப் போலவே பிடிவாதம் பிடிக்கிறாள். அதனால்தான் நாலாவது வரை படித்த இந்தக் கை கோணல் எழுத்தில் உனக்கு எழுதுகிறது. நீ இருக்கும்போது சொல்லாததை இப்போது சொல்கிறேன்.

அந்த மழை நாளை நீ மறந்திருக்க மாட்டாய். கிள்ளான் பாசார்ச் சந்தை முன்னால் ஒரு மாட்டு வண்டி குறுக்கே வர, நீ பிரேக்கை மிதித்தாய். அந்தக் காலத்து உன் வண்டிக்குப் பின் சக்கரத்தில் மட்டும்தானே பிரேக். வண்டி வழுக்கிச் சுழன்று, பின்பக்கம் முன்னால் வந்து, மாட்டின் மூக்குக்கு ஒரு முழம் முன்னால் நின்றதாம். வீட்டுக்கு வந்தவன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாய். ஒரு கவளமும் வாய்க்குப் போகவில்லை.

"நிக்கத் தெரியாத வண்டி ஓடவே கூடாது அக்கா," என்றாய்.

புது வண்டி வாங்கச் சொல்லலாம் என்றால், ரப்பர் விலை படுத்துக் கிடந்த நேரம். உன் காரில் வாடகைக்கு ஏறவே ஆளில்லை. நீ பழைய இரும்புக் கடைகளைச் சுற்ற ஆரம்பித்தாய். ஒரு நாள் லோரி ஒன்றில் பெரிய அச்சும் சக்கர உருளைகளும் வந்து இறங்கின. கூடவே கடை முதலாளி சீனத் தவுக்கேயும் வந்தார்.

"பாகுஸ் லா, தம்பி, நல்ல சாமான்! துரை வண்டி சாமான். நாலு சக்கரமும் பிடிக்கும்."

"துரை ஏன் தவுக்கே இதை வித்தாரு?" என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன்.

"துரை விக்கல லா, அக்கா. வண்டி மரத்துல மோதிச்சு. டிரைவர் மாத்தி."

மாத்தி என்றால் செத்துவிட்டார் என்று எனக்குத் தெரியும். மலாய் எனக்கு நாலு வார்த்தைதான் தெரியும், அதில் ஒன்று அது. ஒரு மனிதன் உயிர் போன வண்டியின் இரும்பு என் வீட்டு வாசலில் கிடந்தது. "வேணாம் தம்பி, திருப்பி அனுப்பு" என்றேன். நீ சிரித்தாய். "மரத்துல மோதினதுக்குப் பிரேக் என்ன பண்ணும் அக்கா? ஸ்டியரிங் ஒடிஞ்சு போச்சாம்," என்றாய். எனக்கு அந்த நியாயம் காதில் ஏறவில்லை.

மூன்று வாரம் வேலை செய்தாய். அச்சு துரை வண்டியுடையது, இழுக்கும் கம்பிகள் ஒரு லோரியுடையது. நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவு இழுப்பு போக வேண்டும் என்று கொல்லரிடம் உட்கார்ந்து ஒரு குறுக்குத் தண்டு அடித்து வாங்கினாய். "ஒரு பக்கம் மட்டும் பிடிச்சா வண்டி அந்தப் பக்கமே ஓடிடும் அக்கா," என்று தட்டில் நாலு இட்லியை வைத்து எனக்கு விளக்கினாய். எனக்கு இட்லிதான் புரிந்தது. நம் பிரிக்பீல்ட்ஸில் வாடகை வண்டிகள் நிற்கும் இடத்தில் டிரைவர் சோமு அண்ணன் உன் வண்டிக்குப் பெயரே வைத்துவிட்டார்.

"என்னப்பா, கதம்பம் எப்பக் கிளம்புது? தலை துரைக்கு, உடம்பு உனக்கு, நரம்பு லோரிக்கா?"

நீ சிரித்துவிட்டு வந்துவிடுவாய்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கத்து மேட்டில் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு ஓடி வந்தாய். "தரையில ஆணி அடிச்ச மாதிரி நிக்குது அக்கா! கொஞ்சம் கிரீச்சுங்குது. நாளைக்குக் கழற்றி அரத்துல ஒரு தேய் தேய்ச்சா சரியாயிடும்."

மறுநாள் சனிக்கிழமை. நீ இரும்புகளைத் தேய்த்துச் சாக்கில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாய். நான் விளக்கேற்றிவிட்டு வந்தேன். சாவு நடந்த வண்டியின் இரும்பு. நாளைக்கு அதன் மேல் என் தம்பியும், தாயில்லாமல் நான் வளர்க்கிற குழந்தையும் உட்காரப் போகிறார்கள். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் மனிதனுக்கே தலைமுழுக்கு இருக்கிறதே, இதற்கு யார் தீட்டுக் கழித்தார்கள்? இரும்பு சனீஸ்வரனுடையது, நல்லெண்ணெய் அவருக்குக் குளிர்ச்சி, கிழமையும் அவருடையது. அதோடு கிரீச்சென்று கத்துகிறது என்று நீயே சொன்னாய். கதவுக் கீல் கத்தினால் எண்ணெய்தானே விடுவோம்?

நான்கு இரும்பின் பட்டைகளிலும் நல்லெண்ணெயை ஊற்றி, அரிவாள்மனைக்குத் தடவுகிற மாதிரி விரலால் அழுத்தி அழுத்தித் தடவினேன் தம்பி. பட்டை தாகம் எடுத்தவன் மாதிரி குடித்தது. மேலே ஒன்றும் தெரியவில்லை, கொஞ்சம் கறுத்தது, அவ்வளவுதான். மேலாக ஒரு துணியால் துடைத்தும் வைத்தேன். "முருகா, என் பிள்ளைகளைப் பார்த்துக்கோ" என்று கும்பிட்டேன். நீ குளித்துவிட்டு, இருட்டுவதற்குள் மாட்டிவிட வேண்டும் என்று அவசர அவசரமாக மாட்டினாய்.

ஞாயிற்றுக்கிழமை கேரி தீவுக்குக் கிளம்பினோம். கிள்ளான் வரை சமதரை. சுங்கை வே தாண்டும்போது நீ ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு, "என்ன அக்கா, இன்னைக்குக் கொஞ்சம் சோம்பலா இருக்கு? சரி, ஓட ஓடப் பழகிடும்," என்றாய். பின்னால் மங்களத்தை மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் வருகிறதே என்று நான் உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். 

துறையில் ஆற்றுத் தண்ணீர் வற்றியிருந்த நேரம். அதனால் இறக்கம் இரண்டு மடங்கு நீளம். செம்மண் சரிவு, அதன் அடியில் இரண்டு பலகை, பலகைக்கு அப்பால் வண்டியைக் கடத்தும் மிதவை, அதற்கு அப்பால் சேற்று நிறத்தில் ஆறு. நீ மிதித்தாய். வண்டி நிற்கவில்லை. இன்னும் மிதித்தாய், உன் முதுகு நாற்காலியில் அழுந்துவது எனக்குத் தெரிந்தது. மிதவையில் நின்ற மலாய்க்காரர் இரண்டு கையையும் தூக்கி, "பெர்ஹந்தி! பெர்ஹந்தி!" என்று கத்தினார். நிறுத்தச் சொல்கிறார். நிறுத்த முடிந்தால் நீ நிறுத்த மாட்டாயா? கைப் பிரேக்கை இழுத்தாய். பின்பக்கம் வழுக்கிப் பக்கவாட்டில் திரும்பியது. தண்ணீர் நம்மைப் பார்த்து வந்தது. நான் முருகனைக் கூப்பிடவில்லை தம்பி. வாய் திறந்தது, பெயர் வரவில்லை. அதுவரை அப்படி ஒரு நாள் எனக்கு வந்ததே இல்லை.

நீ ஸ்டியரிங்கை ஒரேயடியாகத் திருப்பி ஆற்றோரத்து அத்தாப்பு ஓலைப் புதருக்குள் விட்டாய். முன் சக்கரம் இரண்டும் சேற்றில் புதைய, கால் வைக்கும் படி வரை தண்ணீர் ஏற, வண்டி நின்றது. மங்களத்தின் நெற்றி முன் நாற்காலிக் கம்பியில் மோதிப் பிளந்தது. என் முந்தானை முழுக்க அவள் ரத்தம்.

கயிறு போட்டு வண்டியை மேலே இழுத்த பிறகு, நீ சேற்றிலேயே மண்டியிட்டுச் சக்கரத்தைக் கழற்றினாய். பட்டையில் விரலை வைத்தாய், வழுக்கியது. விரலை மூக்கருகே கொண்டு போனாய். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய்.

 மலாய்க்காரர் வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். நீ எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு எனக்கும் கேட்கும்படி சொன்னாய்: "பட்டை புதுசு. நான் சரியா மாட்டல."

அவ்வளவுதான். வீட்டில் பட்டைகளைப் பெட்ரோலில் கழுவிப் பார்த்தாய், நெருப்பில் வாட்டிப் பார்த்தாய். தீய்ந்த எள் வாசனை பின்கட்டெல்லாம் சுற்றியது. கடைசியில் பிடுங்கி எறிந்துவிட்டு வேறு பட்டை அறைந்தாய். அதற்குப் பிறகு அந்தப் பிரேக் ஒரு நாளும் உன்னை ஏமாற்றவில்லை. ஆனால் யார் நம்பினார்கள்? "ஆத்துல வண்டி விட்டவன்" என்ற பேர் உனக்கு முன்னால் போய் நின்றது. ஏற வந்தவர்களை, "குழந்தை குட்டியோட போறீங்க, கதம்பத்துல ஏறாதீங்க" என்று சோமு அண்ணனே தடுத்து வேறு வண்டியில் ஏற்றுவார். இரண்டு வருடம் பார்த்தாய். பிறகு வண்டியைக் கொட்டகையில் தள்ளிவிட்டு, செலாயாங் பக்கம் ஈயச் சுரங்கத்துக்கு லோரி ஓட்டப் போனாய்.

நான் வாய் ஓயாதவள். ஊர்க் கதை, கோயில் கதை, அடுத்த வீட்டு அடுப்புக் கதை எல்லாம் பேசினேன். இதை மட்டும் பேசவில்லை. நீ காய்ச்சலில் கிடந்த கடைசி வாரம், தலைமாட்டில் உட்கார்ந்து, "தம்பி, அந்தத் துறையில..." என்று ஆரம்பித்தேன். "வெந்நீர் குடு அக்கா," என்றாய். வெந்நீர் கொண்டுவர எழுந்தவள் திரும்பி வந்து கந்தபுராணக் கதை பேசினேன்.

இன்று காலை எல்லாவற்றையும் மங்களத்திடம் சொன்னேன். மாப்பிள்ளையும் திருகாணியைக் கையில் பிடித்தபடி நின்று கேட்டார். அவள் புருவத்துக்கு மேல் இருக்கும் தழும்பை எண்ணெய் விரலால் தொட்டாள்.

"அப்பாவை எத்தனை தடவை கேலி பண்ணியிருக்கேன் அத்தை. 'ஆத்துல விட்ட அப்பா, என்னை ஸ்கூல்ல விடுவியா?'ன்னு. நீங்களும் கூடச் சேர்ந்து சிரிச்சீங்களே!"

சிரித்தேன் தம்பி. நீயும் சிரித்தாய். நீ சிரித்ததைச் சாக்காக வைத்து நான் சிரித்தேன்.

அவள் எழுந்து போய்ச் சாம்பல் போட்டு மூன்று முறை கை கழுவினாள். மாப்பிள்ளை ஒவ்வொரு இரும்பாக எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் படல அத்தை," என்று மெதுவாகச் சொன்னார். மத்தியானம் வரை மங்களம் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு சமையலறையிலிருந்து குரல் வந்தது. "அரிவாள்மனை ஏன் எப்பவும் துருவாவே இருக்குன்னு இப்பத்தான் தெரியுது." அந்தத் துறைக்குப் பிறகு நான் எந்த இரும்புக்கும் எண்ணெய் காட்டியதில்லை.

சாயங்காலம் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வாடகை வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போனேன். சோமு அண்ணனுக்குப் பல் போய்விட்டது, நாக்கு போகவில்லை.

"வாங்கக்கா! மாப்பிள்ளை கதம்பத்துக்கு மறுபடி உயிர் குடுக்கிறாராமே? நீச்சல் தெரியுமான்னு கேட்டுக்கோங்க!"

சுற்றி நின்ற நாலைந்து டிரைவர்கள் சிரித்தார்கள்.  ஆனாலும் சொன்னேன். "அந்தப் பிரேக் சரியாத்தான் இருந்துச்சு அண்ணே. பட்டையில எண்ணெய் தடவினது நான். என் தம்பி என்னைக் காட்டிக் குடுக்கல."

டிரைவர்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. ஒருத்தன் "ஐயோ" என்றான். சோமு அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"பட்டையிலயா? எண்ணெயா?" மற்றவர்களைத் தள்ளிப் போகச் சொல்லிக் கை காட்டினார். "இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கக்கா சொல்றீங்க?"

"நாளைக்கு அந்த இறக்கத்துல இறங்கணும் அண்ணே. இதையும் மடியில வச்சுக்கிட்டு இறங்க பயமா இருக்கு."

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். இந்தப் பதினோரு வருடத்தில் நான் ஏறிய பஸ், ரிக்‌ஷா, எதுவாக இருந்தாலும், தரை கொஞ்சம் சரிந்தால் என் வலது கால் தானாகப் பலகையை அழுத்தும். பக்கத்தில் இருப்பவர்கள், கிழவிக்குச் சுளுக்கு என்று நினைப்பார்கள். நாளைக்கும் மாப்பிள்ளைக்குப் பின்னால் உட்கார்ந்து, உன்னோடு சேர்ந்து மிதித்துக்கொண்டுதான் இறங்குவேன்.

வண்டி நின்றதும் முதலில் நான் இறங்குவேன் தம்பி. அந்த மலாய்க்காரர் இன்னும் மிதவையில் இருந்தால், எனக்குத் தெரிந்த நாலு வார்த்தையை வைத்து அவரிடமும் சொல்ல வேண்டும், இது உன் பிரேக் என்று.

உன் அக்கா