அம்மா ஏறமாட்டேன்னு சொன்ன கார்

என் ஆசை அப்பாவுக்கு,

நம்ம வீட்டு வாசல்ல ஒரு கார் நிக்குதுப்பா. சத்தியமா! புதுசு இல்ல, ஒருத்தர் ஓட்டின வண்டிதான். டிக்கி தனியா நீட்டிக்கினு இல்லாம, பின்கதவை அப்படியே மேல தூக்குற சின்ன வண்டி. நீ போனப்போ நான் காலேஜ்ல ரெண்டாவது வருஷம். இப்ப முடிச்சுட்டு திண்டிவனத்துல ஒரு ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை பாக்குறேன். என் முதல் காரையும் வாங்கிட்டேன். இதை உன்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்றது?

காசு கதையை விடு, லோன் போட்டிருக்கேன், கட்டிடுவேன். எதுக்கு வாங்கினேன்னு கேளு. நீ இருந்த வரைக்கும் அம்மாவோட மீன் கூடையை தினம் நீதான் திண்டிவனம் பஸ்ல ஏத்துவ. கண்டக்டர் மூஞ்சியைச் சுளிச்சா ஒரு சத்தம் போடுவ பாரு, அதுக்கே அவன் விசில் ஊதிடுவான். இப்ப சத்தம் போட ஆள் இல்ல. போன மழைக்காலத்துல ஒரு நாள், கூடையிலிருந்து தண்ணி சொட்டுதுன்னு அம்மாவைப் பாதி வழியில இறக்கி விட்டுட்டாங்க. அந்த முட்டி வலியோட அடுத்த பஸ் வர்ற வரைக்கும் மழையில நின்னுருக்கு. வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லலப்பா. கூட மீன் விக்கப் போற பக்கத்து வீட்டு தனம் அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு வந்த கோவத்துக்கு அந்த பஸ்ஸையே கொளுத்தியிருப்பேன். அழுதுட்டு, அன்னைக்கே முடிவு பண்ணேன். நான் வேலைக்குப் போற வண்டியில அம்மாவும் கூடையும் ஒண்ணா திண்டிவனம் போகணும்.

அதனால எனக்கு அழகான வண்டி வேணாம். காலையில சாவியைத் திருப்பினா கிளம்பணும், நடுரோட்டுல நிக்கக் கூடாது. நின்னா மீன் கெட்டுப்போயிடும், அம்மாவோட அன்னைய பொழப்பும் போயிடும்.

விழுப்புரத்துல பழைய கார் விக்கிற இடத்துக்கு ஏழுமலை மாமாவைக் கூட்டிக்கினு போனேன். உன் மச்சான் பத்தி உனக்கு நான் சொல்லணுமா? நேராப் போய் ஒரு செவப்பு வண்டியில உக்காந்து, பாட்டைப் போட்டு, தலையாட்ட ஆரம்பிச்சுடுச்சு. "இதான் கண்ணு நம்ம வண்டி! ஸ்பீக்கரு இன்னா அடி அடிக்குது பாரு!"

"பாட்டு கேக்க ரேடியோ வாங்கிக்கலாம் மாமா, நீ முதல்ல எறங்கு"ன்னேன்.

பானெட் மேல கை வெச்சுப் பாத்தேன், சூடா இருந்துது. நாங்க வர்றதுக்கு முன்னாடியே கிளப்பி வெச்சிருக்காங்க. சூடா இருந்தா எந்த வண்டியும் கிளம்பும், ஆறிப்போய் நிக்கும்போது கிளம்புதான்னு பாக்க வேணாமா? எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துடுச்சு.

அப்புறம் நான் இன்னா பண்ணேன் தெரியுமா? வெள்ளை சுடிதாரோட தரையில படுத்துட்டேன். பழைய ஃபைபர் படகு வாங்கப் போனா நீ பெயிண்ட்டைப் பாத்ததே கெடையாது. மணல்ல படுத்து, அடியில பூந்து, விரல் முட்டியால தட்டித் தட்டிக் காது குடுத்துக்கினு கெடப்ப. எனக்குத் தெரிஞ்ச வழி அது ஒண்ணுதானே? "மேடம், மேடம், டிரெஸ் அழுக்காயிடும் மேடம்"னு வண்டி விக்கிற பையன் பதறுறான். டிரெஸ்ஸைத் தொவைச்சுக்கலாம். அடித்தகடு முழுக்கத் துரு, நகத்தால தொட்டா அப்பளம் மாதிரி உதிருது. எந்த ஊர்ல ஓடின வண்டின்னு கேட்டேன். கடலோரமாத்தான் மேடம்னான். நம்ம சைக்கிள், ஜன்னல் கம்பி, ஃபேன் எல்லாத்தையும் தின்ன அதே உப்புக்காத்து. மேல மட்டும் புதுப் பொண்ணு மாதிரி மினுமினுன்னு இருக்கு. மாமாவை அந்த சீட்டுலேர்ந்து பேத்து எடுக்கத்தான்பா பேஜாராப் போச்சு.

கடல் பக்கமே வராத வண்டிதான் வேணும்னு விசாரிச்சுக்கினே இருந்தேன். கண்டாச்சிபுரத்துல ஒரு ஸ்டெல்லா டீச்சர், ரிட்டயர்டு ஆகி பையன் வீட்டோட போறாங்க, வண்டி விக்கிறாங்கன்னு லேப்ல கூட வேலை பாக்குற பொண்ணு சொல்லுச்சு. காலையிலேயே போயிட்டேன். பானெட் ஜில்லுனு இருந்துது. ஒரே திருப்பு, கிளம்பிடுச்சு. அடியில படுத்துப் பாத்தா செம்மண் புழுதிதான், துரு இல்ல. தட்டினேன், கெட்டியாக் கேட்டுது. டீச்சர் அவங்களாவே குறையெல்லாம் சொன்னாங்க. "ஏசி சுமார்தாம்மா. இந்தக் கதவுல இருக்கிற நசுங்கல் மாதா கோயில் தேரன்னைக்கு ஒரு டிராக்டர்காரன் இடிச்சது." மீன் கூடை ஏத்துவேன்னு நானும் உண்மையைச் சொல்லிட்டேன். ஒரு நிமிஷம் என்னைப் பாத்தாங்க. அப்புறம் பின்சீட்டை எப்படி மடக்குறதுன்னு அவங்களே மடக்கிக் காட்டினாங்க. நீ இருந்தாலும் இதைத்தானேப்பா வாங்கியிருப்ப?

வீட்டுக்குக் கொண்டாந்தா அம்மா சூடம் சுத்துச்சு, எலுமிச்சம்பழம் வெச்சுது, எல்லாம் பண்ணுச்சு. ஆனா ஏறலை. "நீ போ. நான் பஸ்ஸுல வந்துக்கிறேன். காரெல்லாம் மீன் நாத்தம் அடிச்சா, நாளைக்கு உன்ன பாக்க வர்றவன் மூக்கைப் பொத்திக்கினு ஓடுவான்." எவ்வளவு சொல்லியும் கேக்கலை. உன் பொண்டாட்டி பிடிவாதம் உனக்குத் தெரியாததா?

மறுநாள் காலையில எழுந்து வெளிய வர்றேன். மாமாவும் அதோட கூட்டாளிங்களும் லுங்கியை மடிச்சுக் கட்டிக்கினு, பக்கெட் பக்கெட்டா கடல் தண்ணி மொண்டாந்து காரைக் கழுவிக்கினு இருக்காங்க. படகைக் கழுவுற மாதிரி நாரால தேய்ப்பு வேற! ஒருத்தர் அடியில படுத்துக்கினு சக்கரத்துக்கு உள்ள ஊத்துறார். "உன் வண்டி கண்ணு, சும்மா தகதகன்னு ஆக்கிட்டோம்"னு மாமா பல்லைக் காட்டுது. உப்பு படாத வண்டின்னு ஊர் ஊரா அலைஞ்சு கொண்டாந்தா, உப்பிலேயே குளிப்பாட்டி வெச்சிருக்காங்க! நான் கத்தின கத்துல காக்காயெல்லாம் பறந்துடுச்சு. பாவம், மாமா மூஞ்சி தொங்கிப்போச்சு. ஆசையாத்தானே பண்ணாங்க? வீட்டுல எதைக் கழுவணும்னாலும் நமக்குக் கடல்தானே?

நல்ல தண்ணியில அலசணும். நம்ம தெருவுல நல்ல தண்ணி எப்படி வரும்னு உனக்குத் தெரியும். குழாய்ல வந்தாத்தான் உண்டு, அதுவும் குடிக்க மட்டும். நான் தலையில கை வெச்சுக்கினு உக்காந்துட்டேன். அம்மா உள்ள போய் அன்னைக்குச் சமைக்க வெச்சிருந்த குடத்தைத் தூக்கிக்கினு வந்து கார் மேல ஊத்துச்சு. அதைப் பாத்துட்டு தனம் அத்தை ஒரு குடம் கொண்டாந்துது. அப்புறம் சாந்தி, வள்ளி அக்கா, யாரு யாரோ. "நம்ம பொண்ணு காருடி, அடியில நல்லா ஊத்துங்கடி"ன்னு ஒரே சத்தம். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேந்து வந்துதுப்பா.

திங்கக்கிழமை காலையில வண்டியை எடுத்தேன், டக்குனு கிளம்பிச்சு. பஸ் ஸ்டாப்புல அம்மா, தனம் அத்தை, சாந்தி, வள்ளி அக்கா நாலு பேரும் கூடையோட நிக்குறாங்க. பஸ் வந்து, தள்ளிப் போய் நின்னு, ரெண்டு காலேஜ் பசங்களை மட்டும் ஏத்திக்கினு போயிடுச்சு. நான் வண்டியை ஓரம் கட்டி, பின்கதவைத் தூக்கி, அம்மா கூடையைப் புடிச்சேன்.

"விடுடி, நாறும்டி"ன்னுச்சு.

"நாறட்டும்மா. இந்த நாத்தம்தான் என்னைப் படிக்க வெச்சுது. இதுல மூக்கைப் பொத்துறவன் எனக்கு எதுக்கு?"

அம்மா என்னை முறைச்சுப் பாத்துது. கண்ணு கலங்கிடுச்சு. ஆனாலும் ஏறலை. திரும்பி மத்தவங்களைக் காட்டி, "நான் மட்டும் ஏறினா, இவளுங்க?"ன்னு கேட்டுது.

யோசிச்சுப் பாத்தா, அம்மா இத்தனை நாளா மாப்பிள்ளைக்காக மட்டும் ஏறாம இருந்திருக்காது, இல்லப்பா?

நாலு பேரையும் ஏத்திக்கினேன். ரெண்டு கூடை பின்னால, ரெண்டு கூடை மடி மேல. மரக்காணம் ரோடு முழுக்க ஒரே பேச்சு, ஒரே சிரிப்பு. வண்டி ஒரு இடத்துல கூட முனகலை. ஐஸ் தண்ணி சீட்டுல சொட்டுச்சு, சொட்டட்டும்னு விட்டுட்டேன்.

சத்தியம் பண்ணிச் சொல்றேன்பா. இந்த வண்டி ஓடுற வரைக்கும், காலையில நம்ம ஸ்டாப்புல மீன் கூடையோட ஒருத்தரையும் நிக்க வெச்சுட்டுப் போக மாட்டேன். இடம் பத்தலைன்னா, இன்னும் சீக்கிரமா எழுந்து ரெண்டு நடை அடிக்கிறேன்.

இப்படிக்கு,
லேப்புக்கு மீன் வாசனையோட போற
உன் மூத்த மவ, செல்வி