கோடையில் அளந்த கரை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். என் வலது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துழைக்கவில்லை, அது ஏன் என்று கீழே வருகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அந்த ஊர்க் குளிரில் பிடித்த இருமல் விட்டதா? இதையெல்லாம் போனிலேயே கேட்கலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் இரண்டாவது வார்த்தைக்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். அதோடு இந்த விஷயத்தை நான் முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் நீ 'பரவாயில்லப்பா' என்று சொல்லிவிடுவாய். அவ்வளவு சீக்கிரம் அந்த வார்த்தையை உன் வாயிலிருந்து கேட்கும் தைரியம் எனக்கு இல்லை, அதனால்தான் பேனா.

நம் ஊருக்கு அடுத்த இருபது வருடத்துக்கான நிலத் திட்டம் தயாராகிறது என்று சொல்லியிருந்தேன் அல்லவா. எங்கே வீடு கட்டலாம், எங்கே ஆலை வரலாம், எதைத் தொடவே கூடாது என்று வரைபடத்தில் வண்ணம் பூசும் வேலை. வேலையில் இருந்த காலம் முழுக்க நான் சோறு தின்றதே இந்த வேலையால்தான். ஏரிப் பக்கமெல்லாம் தொடக் கூடாத இடம் என்று பச்சை பூசிப் பூசி அலுவலகத்தில் எனக்குப் 'பச்சைப் பென்சில்' என்று பெயர் வைத்ததும், அதை என் காது கேட்கச் சொன்னதும் உனக்குத் தெரியும். இப்போது ஊர்க்காரர்கள் சிலரைச் சேர்த்து ஒரு ஆலோசனைக் குழு போட்டார்கள், அதில் என்னையும் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்றவனுக்கு ஒரு நாற்காலியும் ஒரு டீயும் கொடுத்தால் போதும், உயிரையே கொடுப்பான். முதல் கூட்டத்துக்குச் சட்டையை இஸ்திரி போட்டு, ஒன்றுக்கு இரண்டு பேனா செருகிக்கொண்டு நான் கிளம்பியதைப் பார்த்து உன் அம்மா, பொண்ணு பாக்க வந்தப்பகூட நீங்க இவ்வளவு நேரம் கண்ணாடி பாக்கல என்றாள். அந்தக் கூட்டத்தில் நான் எழுந்து நின்று, வளர்ச்சியும் வேணும் ஏரியும் வேணும் என்று முழங்கினேன். எல்லோரும் கை தட்டினார்கள். யாருக்கும் காலணா செலவில்லாத பேச்சு, தட்டாமல் என்ன செய்வார்கள்.

சிக்கல் எங்கே என்றால் ஏரியை ஒட்டிய அந்த வெற்று நிலத்தில். சாலை இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, கம்பெனிகள் அதைத்தான் கேட்கின்றன. உன் கம்பெனியின் பரிசோதனைக் கூடம் வந்தால் அங்கேதான் வரும், வந்தால் பொறுப்பு எனக்குத்தான்பா என்று நீ சொன்ன நாளிலிருந்து இந்த வீடு வீடாக இல்லை. உன் அம்மா உன் அறைக்குத் திரைச்சீலை மாற்றினாள். நான் அதைப் பார்த்து, இன்னும் எதுவும் முடிவாகல, அதுக்குள்ள ஏன் ஆடுறே என்று அதட்டினேன். அதட்டிவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், நம் வீட்டிலிருந்து அந்த நிலத்துக்கு எந்தத் தெரு வழியாகப் போனால் நீ சீக்கிரம் போய்ச் சேருவாய் என்று பார்த்துவிட்டு வந்தேன். இதை அவளிடம் சொல்லிவிடாதே.

விதி என்னவென்றால், ஏரிக் கரையிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் ஆலையோ கூடமோ எதுவும் கூடாது. அப்படியானால் அந்த நிலம் உள்ளே வருகிறதா வெளியே வருகிறதா என்று அளக்க வேண்டும். திட்ட அலுவலகத்தில், என்னிடம் பயிற்சி எடுத்த பெண்தான் இப்போது அதிகாரி, அவள் செயற்கைக்கோள் படம் வரவழைக்கிறேன் என்றாள். படமெல்லாம் எதுக்கும்மா, நான் உயிரோடதானே இருக்கேன் என்று மார்தட்டிவிட்டு வந்தேன். வெயில் மண்டையைப் பிளக்கும் மாதம். டேப்பின் ஒரு முனையை உன் அம்மா பிடித்துக்கொள்ள, இன்னொரு முனையை நான் இழுத்துக்கொண்டு ஓட, முப்பது முப்பது மீட்டராக மாற்றி மாற்றி வைத்து, தண்ணீர் நிற்கும் ஓரத்திலிருந்து அளந்தோம். நிலம் தாராளமாக வெளியே வந்தது. பூரித்துப் போய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஆனால் அது கோடை, ஏரி வற்றி நடுவில் ஒரு குட்டையாகக் கிடந்தது. நிறைந்தால் தண்ணீர் எதுவரை ஏறுமோ அதுதான் கரை என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் பாடம். கோடையில் போய்க் கரை அளந்துவிட்டு வந்த பையன்களை நான் கிழி கிழி என்று கிழித்திருக்கிறேன். அப்படிப்பட்டவனுக்கு அன்று அது சத்தியமாகத் தோன்றவே இல்லை கண்ணு. தெரிந்து செய்திருந்தால்கூடக் கொஞ்சம் கெட்டிக்காரன் என்று பெயராவது மிஞ்சியிருக்கும்.

மழைக்குப் பிறகு குழு நிலத்தைப் பார்க்கக் கிளம்பியது. எல்லோரும் வேனில் வர, வழிகாட்டி நானாம், ஸ்கூட்டரில் முன்னால் போனேன். புல் பச்சைப் பசேல் என்று இருந்தது, நான் வெளியே என்று எழுதிக் கொடுத்த இடத்துக்குள் ஜம்மென்று ஓட்டினேன். முன் சக்கரம் புதைந்தது, நான் வண்டிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன். எழுந்து உட்கார்ந்தால் இடுப்பளவு தண்ணீர், வேட்டிக்குள் ஏதோ ஓடுகிறது, மீனா தவளையா என்று பார்க்கும் மனநிலையில் நான் இல்லை. வியாபாரிகள் சங்கத் தலைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சார் இதுதான நீங்க சொன்ன காஞ்ச நிலம், நீச்சல் தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் வேலை குடுப்பாங்களோ என்றார். அதிகாரிப் பெண் சிரிக்கவில்லை. கை கொடுத்துத் தூக்கிவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல், சார், கரை எதுன்னு தெரியாம அளந்தேன்னு என்னை ஒரு நாள் பூரா வெயில்ல நிக்க வெச்சீங்களே என்று மட்டும் சொன்னாள். முழங்கால் அடி அப்போதுதான் வலிக்க ஆரம்பித்தது.

என் அளவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். மதகுப் பக்கத்தில் இருக்கும் நிறைமட்டக் கல்லை வைத்துத் திரும்ப அளந்தோம், நிலத்தில் பாதி விதி தடுக்கும் அரை கிலோமீட்டருக்குள், மீதி ஏரிக்குள்ளேயே. அதற்குப் பிறகு சங்கத் தலைவர் சிரிக்கவில்லை. ஊர்ல பசங்களே இல்ல சார், என் கடைக்கு வர்றவங்க எல்லாம் மாத்திரையும் முதுகுவலித் தைலமும் வாங்குறவங்க, ஏரியைப் பாத்துக்கிட்டே நாம எல்லாரும் ஒண்ணா கெழடாகி முடிஞ்சிடலாமா என்று கேட்டார். அவர் பேசியது என் வீட்டுக் கவலை. ஆனால் இந்த ஊரின் எல்லாக் கிணறும் அந்த ஏரியை நம்பித்தான் இருக்கிறது, அதை மூடிவிட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டால் வருகிறவர்களுக்கு எதைக் குடிக்கக் கொடுப்பது? உட்கார்ந்து உட்கார்ந்து பேசி ஒரு வழிக்கு வந்தோம். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மூடிக் கிடக்கும் பழைய நூல் ஆலை நிலத்தைத் தொழிலுக்கு ஒதுக்குவது, ஏற்கெனவே கெட்டுப் போன மண்ணையே திரும்பப் பயன்படுத்துவது, கழிவுநீர் சுத்திகரிப்பும் சாலையும் அரசு செலவில். மழை பொய்த்த வருடத்தில் ஏரி எவ்வளவு தண்ணீர் தர முடியுமோ அதை முதலில் கணக்கிட்டு, அதற்குத் தக்கபடிதான் ஆலைகளுக்கு அனுமதி. சாலைக்கு ஒரு கெடு எழுதிக் கொடுத்தால் ஒப்புக்கொள்கிறேன் என்றார் தலைவர், எழுதிக் கொடுத்தார்கள். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்கள்.

அந்த நிலம் தயாராக மூன்று நான்கு வருடமாவது ஆகும். உன் கம்பெனி அடுத்த வருடமே இடம் கேட்கிறது. இது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தே கையைத் தூக்கினேன் கண்ணு.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். தட்டு பறக்கும் என்று எதிர்பார்த்தேன். அவள் அந்தத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, அன்னைக்கு டேப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னப்ப காலுக்குக் கீழ நத்தை ஓடு குத்திச்சு, இது தண்ணி நிக்கிற எடமாச்சேன்னு நெனச்சேன், உங்ககிட்ட சொல்லல என்றாள். என்னைப் போல அவள் ஏமாறவில்லை பார். படித்தவன் நான்தான் முழுசாக ஏமாந்தேன். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து கொஞ்சம் அழுதோம், முழங்கால் வலியால் என்று நான் சொல்லிக்கொண்டேன்.

நீ ஓடியாடி உழைத்து, நோய் நொடி இல்லாமல், எந்த ஊரில் இருந்தாலும் அந்த ஊர் உன்னை மதிக்கும்படி வாழ வேண்டும் என்று இருவரும் ஆசீர்வதிக்கிறோம். இருமலுக்கு வெந்நீர் குடி. உன் கம்பெனி வேறு ஊரைப் பார்த்துவிட்டது என்றால் அதை எனக்கு எழுது, அம்மாவுக்கு நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று, இத்தனை நாளும் அம்மாதான் உன்னை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று போனில் சொல்லிவந்தேன். அது பொய். நீ வர வேண்டும் என்று அவளைவிட எனக்குத்தான் ஆசை அதிகம்.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் குறுக்கே கையைத் தூக்கிய
அப்பா