வெள்ளிக்கிழமைகளில் நீ எங்கே போனாய்?

என் அன்புள்ள, எனக்கு இன்னும் பிடிபடாத அம்மாவுக்கு,

உன் கல்லறைக்குக் கல் தயாராகிவிட்டது. கறுப்புக் கல். சிலுவை செதுக்கியாயிற்று, எழுத்து மட்டும் பாக்கி. அப்பா ஒரு வரி யோசித்து என்னிடம் சொன்னார்: 'உபவாசத்திலும் ஜெபத்திலும் நிறைவு கண்டவள்.' "நீதான் நெறைய படிச்சவ, தப்பு இருந்தா சொல்லும்மா" என்றார். தப்பு இருக்கிறது என்று எனக்கு உடனே தோன்றியது. எழுத்தில் அல்ல.

நீ முறைப்பாய். ஆனாலும் சொல்கிறேன். உன் வெள்ளிக்கிழமைகள் மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே சந்தேகம்.

மற்ற நாட்களில் நீ வீட்டுக்குச் சொந்தம். விடியுமுன் அடுப்பு, அப்பாவின் டிபன் பாக்ஸ், என் சீருடை, இரண்டு சித்தப்பாக்களின் சட்டைகள், இரவில் குடும்ப ஜெபம். வெள்ளிக்கிழமை மட்டும் வெள்ளைப் புடவை கட்டி, வேதப்புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு விழுப்புரம் பஸ் ஏறிவிடுவாய். உபவாச ஜெபம் என்று ஒரு பெண் சொல்லிவிட்டால் நம் சனத்தில் யாரும் குறுக்கே நிற்பதில்லை.

திண்டிவனத்தில் நம் சபையிலேயே வெள்ளிதோறும் உபவாசக் கூட்டம் உண்டு. அதை விட்டுவிட்டு விழுப்புரம் ஏன்? ஒருமுறை கேட்டேன். "அங்கதான்டி ஆவியானவர் நல்லா அசைவாடுறாரு. உனுக்கு இன்னா அதப் பத்தி? போயி ஹோம்வொர்க் பண்ணு" என்றாய்.

மாலையில் நீ திரும்பும்போது, உபவாசம் முடிக்க அப்பா தன் கையால் கஞ்சி காய்ச்சி வைத்திருப்பார். அவர் அடுப்படிக்குள் நுழைவது அதற்கு மட்டும்தான். நாள் முழுக்கச் சாப்பிடாத மனுஷி கஞ்சியைப் பார்க்கிற பார்வையா அது? கஷாயம் குடிப்பதுபோல் மூச்சைப் பிடித்துக்கொண்டு குடிப்பாய். "இன்னும் ஒரு டம்ளர் ஊத்தவா?" என்பார் அப்பா. "வேணாங்க, வயிறு சுருங்கிப் போச்சி" என்பாய். உன் விரல்களில் பட்டை, கிராம்பு வாசம். முழங்கால் போட்டு ஜெபித்தவளின் புடவையில் முழங்கால் பக்கம் அழுக்கே இருக்காது. கொசுவத்தின் ஓரத்தில் மட்டும் செம்மண். ஒரு வெள்ளிக்கிழமை கெண்டைக்காலில் தீக்காயத்தோடு வந்தாய். டீ கொட்டிவிட்டது என்றாய். உபவாசத்தில் ஏது டீ, அம்மா?

கல்லூரிக்குப் போய் நாவல்கள் படிக்க ஆரம்பித்ததும் என் சந்தேகம் இன்னும் முற்றிப்போனது. வேறு யாராவது ஒருவரா? வேறு ஒரு வீடா? வருடாவருடம் கல்யாண நாளுக்கு அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து நின்று, "எனக்கு ஒரு குறையும் இல்ல, கர்த்தர் நெறவா வச்சிருக்காரு" என்று சாட்சி சொல்வாய். நான் உன் முகத்தைப் பார்க்காமல் உன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவை தரையை அழுத்திக்கொண்டே இருக்கும்.

இப்போது எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். தவழ்கிறாள். நான் மறுபடி வேலைக்குப் போகவா என்று கேட்டால், கொஞ்சம் புத்தகம் படிக்கக் கதவைச் சாத்திக்கொண்டால், எல்லோரும் சொல்வது ஒன்றே: "உங்கம்மா எவ்ளோ நெறவா வாழ்ந்தாங்க, அவுங்க மாதிரி இரு." அந்த நிறைவு பொய்யென்றால், ஒரு பொய்யை வைத்து என்னை அளக்கிறார்கள். அதைக் கல்லில் வேறு வெட்டப்போகிறார்கள்.

அதனால் போன வாரம், கல் பதிக்கிற ஜெபத்துக்கு அழைக்கும் சாக்கில் விழுப்புரம் போனேன். உன்னோடு விடுதியில் தங்கிப் படித்த ஸ்டெல்லா அத்தையின் வீடு. அங்கேதான் கூட்டம் என்பாய்.

"அத்தை, வெள்ளிக்கிழம கூட்டத்துக்கு எத்தினி பேரு வருவாங்க?"

அத்தை என்னை உற்றுப் பார்த்தார். "இன்னாடி, சிஐடி வேலைக்கு வந்திருக்கியா?"

"சொல்லுங்க அத்தை."

"நானும் உங்கம்மாவும்தான்டி கூட்டம்!" வாய்விட்டுச் சிரித்தார். "வந்ததும் சாவியக் குடுன்னுவா. என் மொபெட்ட எடுத்துக்கினு முகையூர் ரோட்டுல ஒரே போக்கு. வெள்ளப் பொடவைய இழுத்துச் சொருவிக்கினு போற அழகப் பாக்கணுமே! திரும்பி வந்து பிரியாணி துன்னுட்டு பஸ் ஏறுவா. ஒரு தபா சைலன்சர்ல காலச் சுட்டுக்கினு பேஜாராப் போச்சி."

"யாரப் பாக்கப் போவாங்க?"

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "உன் புத்தி போவுது பாரு! ஒரு நாளு நானும் பின்னாடி ஒக்காந்து போனேன். காத்துல கத்தி ஜெபம் பண்றா. உன் பேரு வருது, உங்கப்பா பேரு வருது. அழுவுறா, சிரிக்கிறா. இன்னாடி இதுன்னேன். 'வூட்ல முழங்கால் போட்டா ஒடனே ஒருத்தர் வந்து என் சாக்ஸு எங்கன்னு கேக்குறாங்கடி'ன்னா."

எங்கேயும் போகவில்லையாம். போவாயாம், வருவாயாம். அவ்வளவுதானாம். நான் அத்தையை முழுதாக நம்பினேனா? தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போதுகூட ஒவ்வொரு வெள்ளியையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவிடம் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் முதலில் கேட்டது இதுதான்: "பிரியாணி துன்னுட்டா என் கஞ்சியக் குடிச்சா?"

பிறகு கேட்டார்: "வாயத் தொறந்து கேட்டிருந்தா நானே ஒரு வண்டி வாங்கிக் குடுத்திருக்க மாட்டேனா?"

வாங்கியிருப்பார், அம்மா. மறுநாளே அதில் காஸ் சிலிண்டர் ஏறியிருக்கும். ரேஷன் அரிசி ஏறியிருக்கும், நான் டியூஷனுக்கு ஏறியிருப்பேன், மிச்ச நேரத்தில் சித்தப்பாக்கள் எடுத்துப்போயிருப்பார்கள். அது தெரிந்துதான் கேட்காமல் இருந்தாயா? அல்லது, கேட்டுப் பெற்றால் அது உன்னுடையதாக இருக்காது என்று நினைத்தாயா? எங்கள் சத்தம் கேட்காத இடத்துக்குப் போய் எங்களுக்காக ஜெபித்திருக்கிறாய். அதை அன்பு என்று எடுத்துக்கொள்வதா, களைப்பு என்றா?

அப்பா கல் வெட்டுகிறவருக்குப் போன் செய்தார். "அந்த உபவாசம்ன்ற வார்த்தைய எடுத்துடுப்பா. ஜெபம் இருக்கட்டும்." எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். அப்பா என்னைப் பார்த்தார், பிறகு சுவரில் இருக்கும் உன் படத்தைப் பார்த்தார். "நெறவா? அதையும் எடுத்துடு. அத அவதான் சொல்லணும்."

'ஜெபித்தவள்' என்று மட்டும் வருகிறது, உன் பெயருக்குக் கீழே. இந்தக் கடிதத்தையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். அவர் எதையும் எடுக்கச் சொல்லவில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நீ நிறைவாக வாழ்ந்தாய் என்று நான் எங்கும் சாட்சி சொல்ல மாட்டேன். இல்லை என்றும் சொல்ல மாட்டேன். வாரத்தில் ஒரு பிற்பகல் எனக்கு வேண்டும் என்று என் வீட்டில் கேட்கப்போகிறேன். கடவுளை முன்னால் நிறுத்தாமல், என் பெயரிலேயே கேட்பேன். என் மகள் வளர்ந்து, "எங்கம்மா போற?" என்று கேட்டால், சும்மா என்று உண்மையைச் சொல்வேன். அவள் நம்ப மாட்டாள். உன் பேத்தி அல்லவா.

உன்மேல் இன்னும் சந்தேகம் தீராத
உன் மகள்,
எஸ்தர்