நீ மாற்றாமல் விட்ட கியர் ஆயில்

என் அன்பு மாப்ளே டென்னிசுக்கு,

நீ போன பிறகு பட்டறையில் பேசுகிற வேலையும் என் தலையில் விழுந்துவிட்டது. அதைச் சொல்லித்தான் தொடங்கவேண்டும், ஏனென்றால் எனக்கு ரொம்ப அலுப்பாக இருக்கிறது. குழிக்குள் நின்று வண்டியின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டு காலம் தள்ளியவன் நான். மேலே நின்று வண்டிக்காரர்களிடம் வாயாடியவன் நீ. இப்போது நானே குழியிலிருந்து ஏறி வந்து, கையைத் துடைத்து, சிரித்துப் பேசி, மறுபடி இறங்கவேண்டியிருக்கிறது. முட்டு இரண்டும் வலிக்கிறது.

நேற்று ஒரு துபாய்க்காரர் ஆட்டோமேட்டிக் காரோடு வந்தார். கியர் மாறும்போது ஒரு உதறல். ஆயில் மாற்றி எத்தனை வருசம் ஆச்சு என்று கேட்டால், "இதுக்கு ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்னு சொன்னாவளே" என்கிறார். யாருடைய ஆயுசுக்கு என்று நீ கேட்டிருப்பாய், அவரும் சிரித்திருப்பார். எனக்கு அதெல்லாம் வருமா? கொஞ்சம் வடித்து வெள்ளைத் துணியில் தொட்டுக் காட்டினேன். சிவப்பாக இருக்கவேண்டிய ஆயில் கருப்பட்டிக் காப்பி நிறத்தில், கருகிய வாசத்தோடு இருந்தது. அதைப் பார்த்த பிறகும் அரைமணிநேரம் வாதாடிவிட்டுத்தான் சாவியைத் தந்தார்.

அவருக்குப் பின்னால் பாறை ஏற்றுகிற லாரி ஒன்று. டிரைவருக்கு மலையாளக் கரைக்குப் போகிற அவசரம். ஆயில் சூடாக இருக்கும்போதே வடித்தால்தான் அடியில் கிடக்கிற கசடும் சேர்ந்து வரும் என்று நான் சொன்னதைக் காதில் வாங்காமல், சூடு ஆறட்டும் என்று அவர் டீ குடிக்கப் போய்விட்டார். ஆறினால் என்ன பிரயோசனம்? திரும்பி வந்ததும் எஞ்சினை மறுபடி ஓடவிட்டுக் காத்திருந்தோம். போகும்போது அவரும் கேட்டார், "அந்த வாயாடி ஆளு எங்கே?" எல்லாரும் கடைசியில் இதைக் கேட்டுவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் நீ செத்த கதையை முதலிலிருந்து சொல்லவேண்டியிருக்கிறது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

என் கூடப்பிறந்த தங்கை, உன் பெண்சாதி, உன்னை அடக்கம்பண்ணிய நாளிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. காரணம் உனக்குத் தெரிய வழியில்லை. நீ செத்த அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து கேட்டார்: இவருக்குக் கொஞ்ச நாளாகவே நெஞ்சுவலி இருந்திருக்குமே, யாரிடமாவது காட்டினீர்களா? நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். மற்றவர் சொல்லட்டும் என்று இரண்டு பேரும் நின்றோம். யாருமே வாயைத் திறக்கவில்லை.

அதற்கு ஒருமாதம் முன்னால்தான் நீ டயர் அடுக்கில் சாய்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். என்னடே என்று கேட்டேன். "ஸ்டெல்லா கூட்டிட்டுப்போய் காட்டியாச்சு மச்சான். ஈ.சி.ஜி. எடுத்தாச்சு. வெறும் கேஸ் டிரபிள்தான்" என்றாய். நானும் நம்பிக் குழிக்குள் இறங்கிவிட்டேன். அப்படியென்றால் அவளுக்குத் தெரியும்தானே? எந்த டாக்டரிடம் காட்டினாள், ஏன் இன்னும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை, அன்று டாக்டரிடம் ஏன் ஊமையாக நின்றாள்? இதைக் கேட்டால் அவள் நெஞ்சு உடைந்துவிடும் என்று கேட்கவில்லை. ஆனால் கோபம் இருந்தது. அவளுக்கும் என்மேல் ஏதோ கோபம். அது என்ன என்று எனக்கு விளங்கவில்லை. கல்லறைத் திருநாளன்று உன் தலைமாட்டில் அவள் மெழுகுதிரி கொளுத்தினாள், கால்மாட்டில் நான் கொளுத்தினேன். ஒருவரை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்குப் போனோம்.

உன் டெம்போவை இப்போது அவளேதான் ஓட்டுகிறாள், அது தெரியுமா? லைசென்ஸ் எடுத்துவிட்டாள். விடியும்போது கடற்கரையில் மீனை ஏலம் பிடித்துத் தக்கலைச் சந்தைக்குக் கொண்டுபோகிறாள். எல்லாரும் செய்வதுபோல வண்டியைப் பின்னுக்கு எடுத்து அலை நனைக்கிற இடம்வரை இறக்கித்தான் ஏற்றுகிறாள். ஏற்றி முடிந்ததும் கடல்தண்ணீரை வாளி வாளியாக மொண்டு வீசிக் கழுவுகிறாள். நீ பழக்கிவிட்ட பழக்கம். கியர்ப்பெட்டிக்கு மேலே மூச்சுவிட ஒரு துளை உண்டு, சூட்டோடு நிற்கிற பெட்டிமேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று ஊரிலுள்ள மீன்வண்டிக்காரர்களுக்கெல்லாம் பாடம் நடத்தியவன் நீ. உன் வண்டிக்கு மட்டும் அந்தப் பாடம் கிடையாது.

நேற்று சாயங்காலம் அந்த டெம்போ பட்டறைக்குள் வந்து நின்றது. சாலையில் வரும்போதே கியர்ப்பெட்டி அழுகிற சத்தம் கேட்டது. ஸ்டெல்லா இறங்கி, என்னைப் பார்க்காமல் மட்கார்டைப் பார்த்துச் சொன்னாள்: "மூணாவது கியரு விழமாட்டேங்கு. ஆயில மாத்தித் தந்தா போயிருவேன்."

குழிக்குள் இறங்கினேன். வடிக்கிற நட்டில் கை வைக்கும் முன்னால் நிரப்புகிற நட்டு கழலுகிறதா என்று பார்க்கவேண்டும் இல்லையா? உள்ளதை வடித்துவிட்டு மேல்நட்டு கழலவில்லை என்றால் வண்டி அங்கேயே கிடக்கும். மேல்நட்டு அசையவில்லை. உப்பேறித் துருப்பிடித்து நட்டும் பெட்டியும் ஒன்றாகிப் போயிருந்தன. எண்ணெய் விட்டு, சுத்தியலால் மெல்லத் தட்டி, மறுபடி எண்ணெய் விட்டு, தோள் கழன்றுபோகிற அளவுக்குத் திருகித்தான் எடுத்தேன். அந்த நட்டில் ஸ்பேனர் பட்டு வருசக்கணக்கு இருக்கும்.

பிறகு வடித்தேன். வந்தது ஆயில் இல்லை மாப்ளே, பால்விட்ட டீ. அதில் பித்தளைத்தூள் மினுமினுத்தது.

"இதைக் கடைசியா மாத்தினது யாரு?" குழிக்குள்ளிருந்தே கேட்டேன். இத்தனை நாளில் அவளிடம் நான் பேசிய முதல் பேச்சு.

"நீங்கதான்."

"நானா?"

"ஈஸ்டருக்கு முன்னாடி மச்சான் மாத்தித் தந்தாச்சுன்னு அவரு சொன்னாரே. சத்தம் கேக்குன்னு சொன்னதுக்கும், மச்சான் ஓட்டிப் பாத்தாச்சு, ஒண்ணும் இல்லேன்னுதான் சொன்னாரு."

என்னிடம் நீ சொன்னது வேறு. நாகர்கோவிலுக்கு லோடு போன இடத்தில் ஸ்டெல்லா பிடிவாதம் பிடித்து அங்கேயே மாற்றிவிட்டாள் என்றாய். சொந்தப் பட்டறை இருக்க வேறு இடத்தில் எதற்கு என்று எனக்குச் சுருக்கென்று இருந்தது. தங்கச்சியிடம் போய்ச் சண்டை பிடிக்கவா என்று விட்டுவிட்டேன். அதை அவளிடம் சொன்னேன். அவள் குழியின் விளிம்பில் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்தாள்.

உப்புத்தண்ணீர் புகுந்த பெட்டிக்கு ஒருதடவை வடித்தால் போதாது. புது ஆயில் விட்டு, எல்லாக் கியரிலும் கொஞ்சதூரம் ஓட்டி, சூட்டோடு மறுபடி வடிக்கவேண்டும். முதல் ஆயில் கழுவுவதற்கு மட்டும்தான். ஓடும்போது சத்தத்தை நான் கேட்கவேண்டும், அதனால் நானும் ஏறவேண்டியதாயிற்று. ஸ்டெல்லா ஓட்ட, உன் சீட்டுக்குப் பக்கத்தில் நான். நன்றாகத்தான் ஓட்டுகிறாள். உன்னைப்போலக் கிளட்சில் கால் வைத்துக்கொண்டே இருப்பதில்லை.

இரணியல் ஸ்டேஷன் பக்கம் போய்த் திரும்பும் வழியில் ரயில்வே கேட் அடைத்துவிட்டார்கள். எஞ்சினை நிறுத்தாமல் நின்றோம். அவள் நேராகத் தண்டவாளத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

"நெஞ்சுவலிக்கு அவரை நீங்க எந்த டாக்டருகிட்ட கூட்டிட்டுப் போனிய?"

"நான் எங்க மக்கா கூட்டிட்டுப் போனேன்?"

"தக்கலையில காட்டினியளாம். ஈ.சி.ஜி. எடுத்தியளாம். வெறும் கேஸு, மச்சான் கூடவே இருந்தாரு, நீ பயப்படாதேன்னு சொன்னாரு."

நீ என்னிடம் சொன்னதை அப்படியே அவளிடம் சொன்னேன். பேரை மட்டும் மாற்றியிருக்கிறாய். அவளிடம் மச்சான், என்னிடம் ஸ்டெல்லா. கியர் ஆயிலுக்குச் சொன்ன கதையையே நெஞ்சுக்கும் சொல்லியிருக்கிறாய். எங்கள் இருவருக்கும் ஒருவரை ஒருவர் கேட்கிற பழக்கம் கிடையாது என்று உனக்குத் தெரியும். வாய் திறக்காத குடும்பத்தில் பெண்ணெடுத்தேன் என்று எத்தனை நாள் கேலிபண்ணியிருப்பாய். அந்தக் குணத்தின் மேல்தானே உன் பொய் இத்தனை நாள் நின்றது?

ஏன் மாப்ளே? ஆஸ்பத்திரிக்கு அவ்வளவு பயமா? வலைக்கு மீன் வருகிற மாதம் முடியட்டும் என்று நினைத்தாயா? உனக்கே அது வெறும் கேஸ்தான் என்று தோன்றியதா? எங்களைப் பயமுறுத்தக்கூடாது என்றா? உன்னைக் குழிக்குள் இறக்கி நாலு சாத்து சாத்தவேண்டும்போல் இருந்தது எனக்கு.

ரயில் போய்விட்டது. கேட் திறந்து பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கினார்கள். ஸ்டெல்லா கியரில் கை வைத்திருந்தாள், போடவில்லை.

"அப்போ அவரு எங்கயுமே போகல்ல."

"போகல்ல."

"அண்ணே, உங்கமேல கோவமாத்தான் இருந்தேன். ஆனா அதுலயும் ஒரு சமாதானம் இருந்துச்சு. அவருக்கு வலிச்ச நேரத்துல அண்ணன் பக்கத்துல நின்னாருல்லா, டாக்டருகிட்ட அண்ணன் கூட இருந்தாருல்லான்னு நினைச்சுக்கிடுவேன்." அவள் குரல் இறங்கிப்போயிற்று. "இப்போ பாத்தா யாருமே இல்லாமல்லா இருந்திருக்காரு."

எனக்கும் அந்தச் சமாதானம் இருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன். ஸ்டெல்லா கையைப் பிடித்துக்கொண்டு நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பதாக ஒரு படம் என் மனதில் இருந்தது. அவள்மேல் கோபப்பட்டாலும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் இரவில் கண்ணை மூடுவேன். அது நடக்கவே இல்லை.

பின்னால் நின்ற வேன்காரர் இறங்கிவந்து, "என்ன அக்கா, வண்டி நின்னுபோச்சா?" என்று கேட்டார். அவள் முகத்தைத் துடைத்து, இல்லை என்று தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தாள். பட்டறை வரும்வரை இரண்டு பேரும் அழுதோம். வெட்கப்பட இனி என்ன இருக்கிறது?

இரண்டாவது தடவை வடித்தபோது ஆயில் கொஞ்சம் தெளிந்து வந்தது. உப்பேறிப் பாதி அடைந்து கிடந்த மூச்சுத்துளையைக் குத்தி எடுத்து, அதற்கு ஒரு ரப்பர்க்குழாய் மாட்டி, தண்ணீர் எட்டாத உயரத்தில் கட்டிவிட்டேன். பிறகு மேல்துளையிலிருந்து வழிகிறவரை நல்ல ஆயில் விட்டேன். விளக்கை அவள்தான் பிடித்தாள். மூணாவது கியர் விழுகிறது. கியரைக் கோத்துவிடுகிற பித்தளை வளையம் தேய்ந்ததற்கு என்னால் ஒன்றும் செய்யமுடியாது, இந்தச் சத்தம் அப்படியேதான் இருக்கும். பெட்டியை இறக்கிப் பிரிக்கவேண்டிய நாள் வரும், அதை அவளிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

எங்கள் சண்டை தீர்ந்துவிட்டது, உனக்குச் சந்தோஷமாக இருக்கும். இன்று சந்தை முடிந்ததும் வந்து, பட்டறையில் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். ஆனால் கோபப்பட ஆள் இல்லாமல் போனதும் ரெண்டு பேருக்கும் உடம்பே தளர்ந்துவிட்டது. உன்மேல் கோபப்படலாம் என்றால் அதுவும் முழுசாக வரமாட்டேன் என்கிறது.

உனக்கு வாக்குத் தருகிறேன். இனி ஸ்டெல்லாவுக்கு ஒரு தலைவலி என்றாலும் யாரோ பார்த்தாயிற்று என்று நான் விடமாட்டேன், கூடப் போய் உட்கார்வேன். எனக்கு ஒன்று என்றால் அவளிடம் மறைக்கமாட்டேன். வாய் திறக்காத குடும்பம் என்று இனி யாரும் எங்களைச் சொல்லமுடியாது. ஒன்று மட்டும் நான் யாரிடம் கேட்பது மாப்ளே? வலி வந்தபோதெல்லாம் நீ தனியாக எங்கே போய் நின்றாய்? நான் குழிக்குள்தானே இருந்தேன். முனகியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்கும்.

உன் மச்சான்,
ஸ்டெல்லாவின் அண்ணன்